பத்துக் கையெழுத்தில் சறுக்கும் சுயேச்சைகள்

2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் ஒன்றில்கூடச் சுயேச்சை வெல்லவில்லை. அதே நாளில் வாக்களித்த புதுச்சேரியிலோ 30 தொகுதிகளில் ஆறு சுயேச்சைகள் வென்றார்கள். அங்கே தொகுதிகள் சிறியவை, வேட்பாளர் முகம் தெருவுக்குத் தெரியும் என்று காரணம் சொல்லலாம். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் நம் ஊர்ச் சுயேச்சைகள் பலர் வாக்காளரிடம் தோற்பதற்கு முன்பே தேர்தல் அலுவலரின் மேசையில் தோற்றுவிடுகிறார்கள். கட்சி வேட்பாளருக்கு வழக்கறிஞரும் மாவட்ட அலுவலகமும் பார்த்துக்கொடுக்கிற வேலையை இவர் தனியாளாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

பெரிய சறுக்கல் முன்மொழிவோர் விஷயத்தில்தான். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரும் அதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். இந்த விதியின் பின்னணியில் நம் மாநிலத்துக் கதை ஒன்றும் உண்டு. 1996இல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் கோரிக்கைகளின் மீது கவனத்தைத் திருப்பக் கூட்டங்கூட்டமாக மனுத்தாக்கல் செய்தார்கள். 1,033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வேண்டியதாயிற்று. 88 பேருக்கு ஒரு வாக்கும் விழவில்லை. வீட்டாரும் கைவிட்டார்கள் போலும்! அன்று கட்டுத்தொகை (டெபாசிட்) 250 ரூபாய். அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டுக் கட்டுத்தொகை 5,000 ரூபாயானது. பத்துப் பேர் என்ற நிபந்தனையும் வந்தது. இப்போது கட்டுத்தொகை 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000.

பத்துக் கையெழுத்துதானே என்று நண்பரிடம் தாளைக் கொடுத்தனுப்புகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானது. முன்மொழிந்தவர்களில் இருவர் அந்தக் கையெழுத்து தங்களுடையதல்ல என்று மறுத்ததே காரணம். ஊரறிந்த நடிகருக்கே இந்த நிலை. வாக்காளர் பட்டியலின் வரிசை எண்ணில் சிறு பிழை இருந்தால் சட்டம் பொறுத்துக்கொள்ளும். மறுக்கப்பட்ட கையெழுத்தைப் பொறுக்காது. ஆகவே ஒவ்வொருவரும் உங்கள் கண்ணெதிரில் கையெழுத்திடட்டும். கைநாட்டு வைக்கிற பெரியவர் முன்மொழிந்தால், தேர்தல் நடத்தும் அலுவலர் அல்லது தேர்தல் ஆணையம் குறிப்பிட்ட அதிகாரி முன்னிலையில்தான் ரேகை வைக்க வேண்டும். வீட்டுத் திண்ணையில் வைத்து வாங்கி வந்தால் செல்லாது. இன்னொரு வழியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: ஒரே தொகுதிக்கு நான்கு மனுக்கள் வரை கொடுக்கலாம், கட்டுத்தொகை ஒருமுறை கட்டினால் போதும். ஒவ்வொரு மனுவிலும் வெவ்வேறு பத்துப் பேர் இருந்தால், ஒன்று விழுந்தாலும் மற்றொன்று நிற்கும்.

அடுத்து, படிவம் 26 என்கிற பிரமாணப் பத்திரம். சொத்து, கடன், வழக்கு என எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். சுட்டிக்காட்டிய பிறகும் காலியாக விட்டால் மனுவை நிராகரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்திருக்கிறது. கடைசி நாள் மூன்று மணிக்கு ஓடி வருகிறவருக்குச் சுட்டிக்காட்டினாலும் திருத்த ஏது நேரம்? அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பேன் என்று உறுதிமொழி ஏற்பதும் அப்படியே. மனுவைக் கொடுத்த பிறகு, பரிசீலனை நாளுக்கு முன்பே ஏற்றுவிட வேண்டும். மனுக்கொடுத்த கையோடு அங்கேயே முடித்துவிடுவது நல்லது.

சின்னத்தைப் பற்றி ஒரு பேராசை உண்டு. மனுவில் மூன்று சின்னங்களை விருப்ப வரிசையில் எழுதலாம். முதலில் எழுதியதே கிடைத்துவிடும் என்று நம்பி சுவரொட்டிக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். அதையே பதிவுபெற்ற சிறு கட்சி வேட்பாளர் கேட்டால் அவருக்குத்தான் முன்னுரிமை. சுயேச்சைகளுக்குள் போட்டி என்றால் பெரும்பாலும் குலுக்கல். 2021இல் மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாள் மார்ச் 22, பிரசாரம் ஓய்ந்தது ஏப்ரல் 4. சின்னத்தை ஊருக்குச் சொல்ல இரண்டு வாரம்கூட இல்லை. அதே 2017இல், அதே ஆர்.கே. நகரில் டி.டி.வி. தினகரன் ஏப்ரலில் தொப்பிச் சின்னத்தோடு சுற்றினார், அந்தத் தேர்தல் ரத்தானது. டிசம்பரில் பிரஷர் குக்கரோடு வந்து சுயேச்சையாகவே 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதைக் காட்டி ‘நானும் வெல்வேன்’ என்பவர், அவருக்குப் பின்னால் ஒரு கட்சியின் கணிசமான ஆட்கள் இருந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும். துண்டறிக்கை எதுவானாலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்டனைக்குரிய குற்றம்.

ஒரு தொகுதியில் முந்நூறு வாக்குச்சாவடி வரை இருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஏஜென்ட் போட முடியாது என்று தெரிந்தால் வலுவான ஐம்பதை மட்டும் பிடியுங்கள். வாக்குப்பதிவு முடிந்ததும், அந்தச் சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சி நகலை அங்கேயே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். எண்ணிக்கை நாளில் கேள்வி கேட்க அதுதான் ஆதாரம்.

கடைசியாக, கணக்கு. மனுத்தாக்கலுக்கு ஒரு நாள் முன்பாவது தேர்தல் செலவுக்கெனத் தனி வங்கிக் கணக்கு தொடங்கியிருக்க வேண்டும். உச்சவரம்பு 40 லட்சம் என்பதைக் கேட்டுச் சுயேச்சை சிரிப்பார். அவரைத் தொல்லைப்படுத்தும் எண் 10,000. ஒருவருக்கு அதற்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. பந்தல்காரர், ஒலிபெருக்கிக்காரர், வேன் ஓட்டுநர் எல்லாரும் ரொக்கமே கேட்பார்கள், முதலிலேயே பேசிவிடுங்கள். செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாமல் டெபாசிட் போனதும் பலர் ரசீதுகளையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். முடிவு வந்த 30 நாட்களுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கு போய்ச்சேர வேண்டும். தக்க காரணமின்றித் தவறினால் தேர்தல் ஆணையம் மூன்று ஆண்டுகள் தகுதிநீக்கம் செய்யலாம். மொத்தமாக நூறு வாக்கு வாங்கியவருக்கும் இந்த விதி உண்டு.