சென்னை வெயிலில் சிங்கிள் மால்ட் சுவைப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

சிங்கிள் மால்ட் விஸ்கியை முதன்முறையாகச் சுவைக்கும் நண்பர்கள் பெரும்பாலும் சொல்வது, மூக்கைக் குத்துகிறது, தொண்டை எரிகிறது, இதற்குப் போய் இவ்வளவு விலையா என்பதுதான். எனக்கும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. தேன், ஆப்பிள், உலர்திராட்சை என்று சுவைக் குறிப்புகள் அடுக்கும் எதுவும் என் கிளாஸில் தென்படவில்லை. அந்தக் குறிப்புகள் எழுதப்படும் ஊர்களில் அறை வெப்பநிலை என்பது 18 முதல் 20 டிகிரி செல்சியஸ். மே மாதத்து மயிலாப்பூரில் மாடி வீட்டு அறைக்குள் இரவு 9 மணிக்கும் 33 டிகிரிக்குக் குறையாது. இந்த வேறுபாட்டைச் சரிசெய்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம். விலையுயர்ந்த பாட்டிலைத் தேடி அலைவதற்கு முன் கீழேயுள்ள படிகளைச் செய்து பாருங்கள். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதையும், சுவைக்கும் நாளில் வண்டியைத் தொடக்கூடாது என்பதையும் நான் விளக்கத் தேவையில்லை.

படி 1: லேபிளைப் படிப்பது

பாட்டிலின் முகப்பில் சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் விஸ்கி என்ற சொற்கள் முழுமையாக இருக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி ஒழுங்குமுறை விதிகளின்படி, அந்தப் பெயரைத் தாங்கும் விஸ்கி ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியை மட்டுமே தானியமாகக் கொண்டு, பானை வடிகலனில் வடிக்கப்பட்டு, ஸ்காட்லாந்திலேயே ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் முதிர்ந்து, 40 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹாலுடன் ஸ்காட்லாந்திலேயே பாட்டிலில் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். பிளெண்டட் மால்ட் என்பது பல வடிசாலைகளின் மால்ட் விஸ்கிகளைச் சேர்த்தது. பிளெண்டட் ஸ்காட்ச் என்பதில் பிற தானியங்களிலிருந்து வடித்த விஸ்கியும் கலந்திருக்கும். அவை தரம் குறைந்தவை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் சுவைகளைப் பிரித்தறியப் பழகும்போது ஒரே வடிசாலையின் குணம் தெளிவாகத் தெரிவது பெரிய உதவி.

12 ஆண்டு என்று போட்டிருந்தால், அந்தப் பாட்டிலில் கலந்துள்ளவற்றில் மிக இளையதன் வயது அது. அடுத்துப் பார்க்க வேண்டியது ஆல்கஹால் அளவு. 46 சதவீதமும் அதற்கு மேலும் இருப்பவை பெரும்பாலும் குளிரூட்டி வடிகட்டப்படாதவை, அதாவது மங்கலை உண்டாக்கும் சேர்மங்களைக் குளிரவைத்து வடித்து நீக்காதவை. அதைப் பாட்டிலிலேயே பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். நம் ஊர் விஸ்கிப் பாட்டில்களில் 42.8 சதவீதம் என்பதற்கு அருகே 75 டிகிரி ப்ரூஃப் என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 57.1 சதவீதத்தை 100 ப்ரூஃப் எனக் கொள்ளும் பழைய பிரிட்டிஷ் அளவை அது. இரண்டு எண்களும் ஒரே வலிமையைத்தான் குறிக்கின்றன.

படி 2: எதை வாங்குவது

ஹைலேண்ட், லோலேண்ட், ஸ்பேசைடு, ஐலா, கேம்ப்பெல்டவுன் ஆகிய ஐந்து பகுதிகளை மனப்பாடம் செய்வதிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். ஐலா என்றால் புகை என்பார்கள், ஆனால் அதே தீவின் புனஹாவனில் பெரும்பாலான விஸ்கிகளில் புகையே இருக்காது. பகுதியைவிடப் பீப்பாயும் புகையுமே புதியவருக்குத் தெளிவான வழிகாட்டிகள்.

அமெரிக்காவில் மக்காச்சோளத்தை முதன்மையாகக் கொண்டு வடிக்கும் போர்பன் விஸ்கியைப் புதிய, உட்புறம் கரிந்த ஓக் கொள்கலன்களில்தான் முதிரவைக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய்கள் ஏராளமாக ஸ்காட்லாந்துக்குப் போகின்றன. அவற்றில் முதிர்ந்த விஸ்கியில் வெனிலா, தேன், தேங்காய் போன்ற மணங்கள் வரும். ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி ஒயின் ஊறிய பீப்பாயில் முதிர்ந்தால் உலர்திராட்சை, பேரீச்சம்பழம், மசாலாப் பட்டை ஆகியவற்றின் சாயல் வரும். பார்லியைப் பீட் என்னும் சதுப்பு நிலக் கரியின் புகையில் உலர்த்தியிருந்தால் புகையும், டிஞ்சர் அயோடின் போன்ற மருந்து வாடையும் சேரும்.

ஆகவே முதலில் ஒரு பாட்டில் போதும்; அது போர்பன் பீப்பாய் வகையாக இருக்கட்டும். கிளென்மோரஞ்சி ஒரிஜினல் அதற்குப் பொருத்தமானது. கிளென்ஃபிடிக் 12, கிளென்லிவெட் 12 ஆகியவையும் மென்மையானவை. இரண்டாவதாக ஷெர்ரி வகையில் கிளென்ட்ரோனாக் 12. புகை உள்ளவற்றில் ஸ்கை தீவின் டாலிஸ்கர் 10-ஐத்தான் முதலில் சொல்வேன். அது 45.8 சதவீதம், புகையோடு மிளகுக் காரமும் இருப்பதால் நம் நாக்குக்கு அது அந்நியமாகப் படுவதில்லை. புகை இன்னும் கடுமையான லஃப்ரோயிக், ஆர்ட்பெக் இரண்டையும் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் இவற்றை டாஸ்மாக்கின் எலைட் கடைகளில் தேடலாம். இருப்பு அடிக்கடி மாறும் என்பதால் இரண்டு, மூன்று மாற்றுப் பெயர்களை மனத்தில் வைத்துக்கொண்டு போங்கள். வெளிநாட்டிலிருந்து திரும்புபவர் ஒருவர் தீர்வையின்றி 2 லிட்டர் வரை கொண்டுவரலாம். புதுச்சேரியில் விலை குறைவு என்று வாங்கி, அனுமதியின்றித் தமிழ்நாட்டு எல்லைக்குள் கொண்டுவருவது குற்றம். அந்த வழி வேண்டாம்.

இந்திய சிங்கிள் மால்ட்டையும் ஒதுக்காதீர்கள். பெங்களூருவின் அம்ருத் 2004-இல் கிளாஸ்கோ நகரில்தான் முதலில் அறிமுகமானது. அதன் ஃப்யூஷன் விஸ்கியில் இந்திய பார்லியும் ஸ்காட்லாந்தின் புகையூட்டிய பார்லியும் சேர்ந்திருக்கின்றன. ஸ்காட்லாந்துப் பீப்பாயில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் ஆவியாகும்போது, பெங்களூருவில் அது 10 சதவீதத்தைத் தாண்டும். நம் வெயிலில் மரத்தோடான உறவும் வேகமாக நடக்கும். அதனால் இந்திய மால்ட்டில் 12, 18 என்ற எண்களைத் தேடுவது தேவையற்றது.

படி 3: கிளாஸ்

அகன்ற வாய் கொண்ட, கனமான விஸ்கி டம்ளர் பார்க்க அழகாக இருக்கும், மணத்தைச் சிதறவிடும். 2001-இல் வந்த கிளென்கெய்ர்ன் கிளாஸைப் போல அடி உருண்டு வாய் குறுகிய வடிவம்தான் வேண்டும். கிடைக்காவிட்டால் சிறிய ஒயின் கிளாஸ் போதும். அதை எலுமிச்சை வாசனைப் பாத்திர சோப்பால் கழுவாமல் வெந்நீரில் மட்டும் அலசுங்கள். மசாலா டப்பாக்களும் அந்துருண்டையும் இருக்கும் அலமாரியில் கவிழ்த்து வைத்த கிளாஸ் அந்த வாடையை உள்ளே அடைத்து வைத்திருக்கும். எனவே ஊற்றுவதற்கு முன் வெறும் கிளாஸை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிடுங்கள்.

படி 4: வெப்பம், தண்ணீர்

இந்தப் படியில்தான் நான் வெகுகாலம் சிக்கிக்கொண்டிருந்தேன். எத்தனாலின் ஆவி அழுத்தம் 20 டிகிரியில் இருப்பதைவிட 35 டிகிரியில் இரு மடங்குக்கும் அதிகம். அதாவது சென்னையின் சாதாரண அறையில் கிளாஸிலிருந்து எழும் ஆல்கஹால் ஆவி, எடின்பரோவில் அதே விஸ்கியிலிருந்து எழுவதைவிட மிகக் கூடுதல். மற்ற மணங்கள் மேலே வருவதற்குள் அந்த ஆவி மூக்கை மரத்துப்போகச் செய்துவிடுகிறது. ஐஸ் போட்டால் குத்தல் அடங்கும், ஆனால் நாம் தேடும் மணமும் அதோடு அடங்கிவிடும். பிறகு ஐஸ் உருக உருகக் கட்டுப்பாடின்றித் தண்ணீர் சேரும்.

நான் செய்வது இதுதான். விஸ்கிப் பாட்டிலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதில்லை. கிளாஸையும், ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீரையும் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் 10 நிமிடம் வைக்கிறேன், ஃப்ரீசரில் அல்ல. வெளியே எடுத்ததும் சென்னைக் காற்றில் கிளாஸின் புறத்தே நீர் முத்துமுத்தாகப் படியும். அதைத் துணியால் துடைத்து 30 மி.லி. ஊற்றுகிறேன். குளிர்ந்த கண்ணாடி விஸ்கியின் சூட்டை வாங்கிக்கொள்ளும். உள்ளங்கையால் கிண்ணப் பகுதியைப் பற்றாமல் அடியைப் பிடித்துக்கொண்டால் அந்த நிலை சிறிது நேரம் நீடிக்கும். ஏசி அறையாக இருந்தால் 24 டிகிரியில் வைத்தாலே போதுமானது. காற்று நேரே கிளாஸின் மேல் வீசும்படி மின்விசிறிக்குக் கீழே மட்டும் உட்காராதீர்கள், வாசனை மூக்கை எட்டாமலேயே போய்விடும்.

அடுத்தது தண்ணீர். சிங்கிள் மால்ட்டில் தண்ணீர் சேர்ப்பது பாவம் என்று நம்புவோர் இருக்கிறார்கள். விஸ்கி கலப்பதையே தொழிலாகக் கொண்ட வல்லுநர்கள் மாதிரிகளை ஏறத்தாழ 20 சதவீதத்துக்கு நீர்த்துத்தான் முகர்கிறார்கள். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் கணினி உருவகப்படுத்தல் மூலம் காட்டியதும் இதற்குத் துணைநிற்கிறது: புகைமணம் தரும் குவாயகால் என்னும் சேர்மம், ஆல்கஹால் 45 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது மேற்பரப்பில் கூடுகிறது, ஆல்கஹால் மிகுந்தால் திரவத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

ஆனால் எந்தத் தண்ணீர் என்பதைச் சென்னையில் கவனிக்காமல் இருக்க முடியாது. போர் தண்ணீரின் உப்பு விஸ்கியின் இனிப்பைத் தட்டையாக்கிவிடும். மெட்ரோ தண்ணீரில் உள்ள குளோரின், புகை விஸ்கிக்கு மணம் தரும் பீனால் சேர்மங்களோடு சேர்ந்தால் மிக நுண்ணிய அளவிலேயே கடுமையான மருந்து வாடையைத் தரும் குளோரோபீனால்கள் உருவாகும். ஆர்ஓ தண்ணீரோ நல்ல கேன் தண்ணீரோதான் என் தேர்வு. கேன் தண்ணீரில் பிளாஸ்டிக் வாடை அடித்தால் அந்தக் கேனை விட்டுவிடுங்கள்.

அளவுக்கு டீஸ்பூனையோ மருந்துச் சொட்டுக்குழாயையோ பயன்படுத்துங்கள். நான் சொட்டுக்குழாய்க் கட்சி. 46 சதவீத விஸ்கி 30 மி.லி.யில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. சேர்த்தால் வலிமை 39 சதவீதத்துக்குச் சற்று மேலாக இறங்கும். அதே அளவைத் தொடக்கத்திலேயே 40 சதவீதமாக இருக்கும் பாட்டிலில் சேர்த்தால் 34 ஆகிவிடும், அது சிலருக்கு நீர்த்ததாகத் தோன்றலாம். எனவே முதலில் தண்ணீரில்லாமல் ஒரு மிடறு, பிறகு ஐந்தாறு சொட்டுகள், ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் முகர்தல் என்ற வரிசையில் போங்கள். எந்த இடத்தில் குத்தல் மறைந்து பழமணம் முன்னால் வருகிறதோ அங்கே நிறுத்திவிடுங்கள்.

படி 5: முகர்தல், சுவைத்தல்

மூக்கைக் கிளாஸுக்குள் நுழைக்காமல் விளிம்புக்குச் சற்று மேலே வைத்து, வாயை இலேசாகத் திறந்தபடி முகருங்கள். ஆல்கஹாலின் தாக்கம் உடனே குறையும். சிறு மிடறை நாக்கு முழுவதும் பரவவிட்டு விழுங்கியபின் மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். சுவையின் பெரும்பகுதி அப்போதுதான் தெரியும். ஊதுவத்தி, மல்லிகைச் சரம், சமையலறைத் தாளிப்பு எதுவும் அருகில் வேண்டாம். மிளகு வறுவலை, விஸ்கியைச் சுவைத்து முடித்தபின் சாப்பிடுங்கள். இடையில் உப்பில்லாத வறுத்த வேர்க்கடலை போதும்.

ஒரே மாலையில் இரண்டு விஸ்கிகளை, தலா 15 மி.லி. மட்டும், அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுவதுதான் கற்றுக்கொள்ளச் சிறந்த வழி. புகையில்லாதது முதலில், புகையுள்ளது கடைசியில். வேற்று நாட்டுக் குறிப்புகளில் வரும் பழங்களைத் தேடாமல், கருப்பட்டி, பலாச்சுளை, சுக்கு என்று உங்களுக்குத் தெரிந்த மணங்களின் பெயரிலேயே எழுதி வையுங்கள்.

கிராஃப்ட் பீர்

இதே கவனம் சிறு ஆலைகளில் தயாராகும் கிராஃப்ட் பீருக்கும் பொருந்தும், ஆனால் இங்கே முதலில் பார்க்க வேண்டியது தயாரிப்புத் தேதி. ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) போன்ற, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் வாசம் மிகுந்த பீர் வெப்பத்தில் வேகமாகப் பழசாகி ஈர அட்டைப்பெட்டியின் சுவைக்கு வந்துவிடும். பச்சை, வெள்ளைப் பாட்டில்களில் வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புச் சேர்மங்கள் சிதைந்து துர்நாற்றமுள்ள கந்தகச் சேர்மம் உருவாகும். ஆகவே பழுப்புப் பாட்டில் அல்லது கேன், அதுவும் கடையின் குளிர்பெட்டிக்குள் இருந்தது என்பதே என் விதி. கோதுமை பீரிலிருந்து தொடங்குங்கள். ஜெர்மானிய ஹெஃபெவைசன் வகையின் வாழைப்பழ, கிராம்பு மணங்கள் ஈஸ்ட்டிலிருந்தே வருபவை, பழமோ கிராம்போ சேர்ப்பதில்லை. லாகர் என்னும் இலேசான பீரை 5 டிகிரி அளவில் குடிக்கலாம். வறுத்த தானியத்தில் செய்யும் கறுப்பு நிற ஸ்டவுட்டை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் கழித்துத் திறந்தால்தான் காப்பி, சாக்லேட் மணங்கள் விரியும். குழாயிலிருந்து நேரே வரும் பீரை அறிய விரும்பினால், பெங்களூரு இந்திராநகரில் 2010-இல் தொடங்கிய டாய்ட் போன்ற, பீரைத் தாங்களே தயாரிக்கும் இடங்களில் சிறு மாதிரிக் கிளாஸ்களாகக் கேட்டு வாங்குங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

குளிர்ந்த தண்ணீர் சேர்த்ததும் விஸ்கி கலங்கிவிட்டது, போலியா என்று பலர் கேட்டிருந்தனர். குளிரூட்டி வடிகட்டாத விஸ்கியில் வலிமையும் வெப்பநிலையும் இறங்கும்போது நீண்ட சங்கிலிக் கொழுப்பமில எஸ்டர்கள் என்னும் சேர்மங்கள் பிரிந்து மங்கல் உண்டாக்கும். இயல்பானதுதான், சுவைக்கு நல்ல அறிகுறியும்கூட.

12 ஆண்டு பாட்டிலை 10 ஆண்டு பரணில் வைத்தால் 22 ஆண்டு ஆகுமா என்பது இன்னொரு கேள்வி. ஆகாது, முதிர்ச்சி மரத்துக்குள் மட்டுமே நடக்கும். பரணும் வேண்டாம், மொட்டைமாடிக்குக் கீழே உள்ள பரண்தான் வீட்டிலேயே சூடான இடம். படுக்கையறைப் பீரோவின் கீழ்த்தட்டில், வெளிச்சம் படாமல், நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். கார்க் உடைந்து தூள் உள்ளே விழுந்துவிட்டால் தேநீர் வடிகட்டியில் வடித்து வேறு சுத்தமான பாட்டிலுக்கு மாற்றுங்கள். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிய பாட்டிலில் காற்று மிகுந்து மணம் மெல்ல மங்கும் என்பதால், மிச்சத்தைக் கழுத்துவரை நிரம்பும் சிறு கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றி, பெயரையும் திறந்த தேதியையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.