கொளத்தூர் மீன்தொட்டியில் காஸ்மிக் கதிரின் தடத்தைப் பார்ப்பது எப்படி

விண்ணிலிருந்து பாய்ந்து வரும் உயர் ஆற்றல் துகள்களே காஸ்மிக் கதிர்கள்; அவற்றில் பெரும்பாலானவையான புரோட்டான்கள் வளிமண்டலத்தின் உச்சியில் அணுக்கருக்களோடு மோதிச் சிதறுகின்றன. அந்தச் சிதறலில் பிறக்கும் மியூவான்கள் என்னும், எலக்ட்ரானைப் போன்ற ஆனால் அதைவிடக் கனமான துகள்கள், கடல் மட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்று வீதம், இரவு பகலாக நம்மைத் துளைத்துக்கொண்டு போகின்றன. வடசென்னையின் ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு சிறு அறையில் அவற்றின் தடத்தைக் கண்ணால் காண ஒரு முகில் அறை போதும். அது குளிர்ந்த ஆல்கஹால் ஆவி நிறைந்த மூடிய பெட்டி; துகள் கடந்த வழியில் ஆவி நுண்துளிகளாகப் படிந்து கோடாகத் தெரியும்.

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில், ஓர் அடி நீளமுள்ள சிறிய கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்குங்கள். தடித்த ஃபெல்ட் துணியை அதன் அடிப்பக்கத்தின் உட்புறத்தில் வைத்து, உள்ளும் வெளியுமாகக் காந்தங்களால் பிடித்து நிறுத்துங்கள்; பசை ஆல்கஹாலில் கரையக்கூடும். துணி நன்றாக ஊறும்வரை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஊற்றுங்கள். கை கழுவும் சானிடைசரில் தண்ணீர் கலந்திருப்பதால் அது உதவாது. கறுப்பு டேப் ஒட்டிய அலுமினியத் தகட்டின் மேல் தொட்டியைக் கவிழ்த்து, விளிம்பு முழுவதையும் விளையாட்டுக் களிமண்ணால் அடையுங்கள்.

தகட்டுக்கு அடியில் இருக்க வேண்டியது டிரை ஐஸ், அதாவது உறைந்த கரியமில வாயு. காசிமேட்டில் மீனுக்குப் போடும் ஐஸ் பூஜ்ஜியம் டிகிரியில் நின்றுவிடும். நமக்கு மைனஸ் 78 டிகிரி வேண்டும். ஆனால் அங்கே மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டியைப் போல டிரை ஐஸைக் காப்பது வேறெதுவும் இல்லை. தடித்த கையுறை இல்லாமல் அதைத் தொடக் கூடாது. கரியமில வாயு தேங்காதபடி ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆல்கஹால் ஆவி தீப்பிடிக்கும் என்பதால் விளக்கோ ஊதுபத்தியோ அருகில் எரியக் கூடாது.

பத்து, பதினைந்து நிமிடம் பொறுத்திருந்து, அறையின் மின்விளக்கை அணைத்து, டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். முதலில் தூறல் போல நுண்துளிகள் இறங்கும். நான் முதன்முறை செய்தபோது களிமண்ணில் விரல்நுனி அளவு இடைவெளி விட்டுவிட்டதால், கடற்காற்றின் ஈரம் உள்ளே நுழைந்து ஒரு தடமும் தெரியவில்லை. இந்த ஊரில் கண்ணாடியின் வெளிப்புறமும் வியர்க்கும், அடிக்கடி துடைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு தடங்கள் தோன்றும். நூல் போல மெல்லியதாக, நேராக ஓடி ஓரிரு நொடியில் கலைவது பெரும்பாலும் மியூவான். நெளிந்து திரும்புவது எலக்ட்ரான். குட்டையாகத் தடித்திருப்பது ஆல்பா துகள். அது பொதுவாக அறைக் காற்றிலுள்ள ரேடான் என்னும் கதிரியக்க வாயுவிலிருந்து வருவது, வானத்தினுடையது அல்ல. இந்த வேறுபாட்டைப் பழகாமல் எண்ணத் தொடங்குவதில் பயனில்லை. மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோநொடிதான், ஒளியின் வேகத்தில் போனாலும் அந்த நேரத்தில் கடப்பது சுமார் 660 மீட்டர். ஆயினும் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் பிறந்தது உங்கள் தகட்டை வந்தடைகிறதென்றால், அத்தனை வேகத்தில் அதன் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று ஐன்ஸ்டீன் சொன்னதை நீங்கள் நேரில் பார்க்கிறீர்கள். கான்கிரீட் கூரை அதற்குத் தடையே அல்ல; ஆகவே மாடி வேண்டியதில்லை, கீழ்வீட்டு அறையே போதும்.

இத்துகள்கள் எங்கிருந்து வந்தன என்பதை ஒற்றைத் தடம் சொல்லாது. மியூவானைப் பிறப்பித்த, மின்னூட்டம் கொண்ட மூலத்துகளை அண்டவெளியின் காந்தப்புலம் வளைத்துவிடுவதால், அது வந்த திசை பெரும்பாலும் பிறப்பிடத்தைக் காட்டாது. 1912இல் விக்டர் ஹெஸ் பலூனில் 5 கிலோமீட்டருக்கு மேல் ஏறி, கதிர்வீச்சு உயரத்தோடு கூடுவதைக் கண்டார்; அது விண்ணிலிருந்து வருகிறது என்று அதிலிருந்து தெரிந்தது. அதன் பிறப்பிடத்தைத் தேடும் வேலை இன்னும் நடக்கிறது. ஊட்டியில் கிரேப்ஸ்-3 என்னும் காஸ்மிக் கதிர் ஆய்வு அமைப்பு மியூவான்களை அளந்துகொண்டிருக்கிறது. அர்ஜென்டினாவில் பியர் ஓஜே என்னும் காஸ்மிக் கதிர் ஆய்வகம், தலா 12,000 லிட்டர் நீர் நிறைந்த தொட்டிகளை 3,000 சதுர கிலோமீட்டரில் பரப்பி, மிகப்பெரிய ஆற்றலுள்ள துகள்கள் நம் பால்வெளிக்கு அப்பாலிருந்து வருகின்றன என்பதை 2017இல் காட்டியது.

அந்த ஆய்வகம் தன் தரவில் ஒரு பகுதியை 2021 முதல் யாரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிட்டிருக்கிறது. உங்கள் தொட்டியில் அரை மணி நேரம் தடங்களை எண்ணிக் குறித்த பின், அந்தத் தரவைத் திறந்து, அதிலுள்ள ஒவ்வொரு துகளும் வந்த திசையை வான வரைபடத்தில் புள்ளியாகக் குறித்துப் பாருங்கள்.