‘ஃபைன்’ என்ற ஒரே சொல்லைப் பிரித்து மேய்வது எப்படி?

எங்கள் வீடு சேலம் செவ்வாய்ப்பேட்டையில். கொலுசுப் பட்டறை வீட்டோடு சேர்ந்தே இருக்கிறது. போன மாதம் அக்கா மகள் ஆங்கில நோட்டும் கையுமாக வந்தாள். பட்டறைச் சீட்டு ஒன்றை எடுத்துக் காட்டி, “மாமா, ஃபைன்னா அபராதம்தானே? வெள்ளிக்கு எதுக்கு அபராதம் போட்டிருக்கீங்க?” என்று கேட்டாள். சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: எடை 250, டச் 80, ஃபைன் 200.

அந்தச் சொல்லுக்குப் பொருளும் ஒத்த சொற்களும் எழுதி வரச் சொன்னார்களாம். செல்போனில் பார்த்து ஒரு பக்கம் முழுக்க எழுதி வைத்திருந்தாள். ‘பெனால்ட்டி’க்குக் கீழே ‘எக்ஸலன்ட்’, அதற்குக் கீழே ‘தின்’. பரீட்சையில் எதை எங்கே போடுவாள்? அன்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: அகராதியை மூடிவிட்டு வாக்கியங்களைப் பொறுக்குங்கள்

ஒரு நாள் முழுக்க அந்தச் சொல் எங்கெல்லாம் கண்ணில், காதில் படுகிறதோ அதையெல்லாம் எழுதுங்கள். சொல்லை மட்டும் எழுதக் கூடாது, முழு வாக்கியமாக எழுத வேண்டும். எங்களுக்குக் கிடைத்தவை: ஏற்காட்டிலிருந்து சித்தப்பா அனுப்பிய ‘வெதர் இஸ் ஃபைன்’. ஹெல்மெட் இல்லாமல் மாட்டிய பக்கத்து வீட்டுப் பையன் கட்டிய 1,000 ரூபாய் ஃபைன். காபிக்கொட்டை அரைக்கும் மிஷினில் எழுதியிருக்கும் ‘ஃபைன்’. கடன் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் வரும் ‘ஃபைன் பிரிண்ட்’. எல்லாரும் சொல்லும் ‘ஐ ஆம் ஃபைன்’. அப்புறம் எங்கள் பட்டறைச் சீட்டு.

படி 2: எதிர்ச்சொல்லைத் தேடுங்கள்

எல்லாரும் நேராக ஒத்த சொல்லுக்கு ஓடுவார்கள். நான் எதிர்ச்சொல்லில்தான் ஆரம்பிப்பேன், ஏனென்றால் ஒரு சொல்லுக்குள் எத்தனை சொல் ஒளிந்திருக்கிறது என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

காபித்தூள் ஃபைன் இல்லையென்றால் கரகரப்பு, அதாவது ‘கோர்ஸ்’. (எழுதும்போது கவனம். படிப்பைக் குறிக்கும் கோர்ஸில் மூன்றாவது எழுத்து யு, இதில் ஏ. அவள் நோட்டில் தப்பாகத்தான் இருந்தது.) வானிலை ஃபைன் இல்லையென்றால் மழை, மப்பு. ஆள் ஃபைன் இல்லையென்றால் உடம்பு சரியில்லை. வெள்ளி ஃபைன் இல்லையென்றால் செம்பு போன்ற வேறு உலோகம் கலந்திருக்கிறது. அபராதத்துக்கோ எதிர்ச்சொல்லே தோன்றவில்லை. அப்படியானால் அது தனி ஜாதி: அது பெயர்ச்சொல், மற்றவை உரிச்சொல்.

சீட்டுக் கணக்கும் இங்கேதான் அவளுக்குப் புரிந்தது. 80 டச் என்றால் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. 250 கிராம் கொலுசில் சுத்த வெள்ளி 200 கிராம். அந்த 200தான் ஃபைன். வெள்ளிக்கட்டியில் 999 என்று குத்தியிருப்பார்களே, அதற்கு ஆயிரத்தில் 999 பங்கு வெள்ளி என்று பொருள்.

படி 3: ‘ஐ ஆம் ஃபைன்’ எப்போதும் ‘நலம்’ இல்லை

இதில்தான் நான் வழுக்கி விழுந்தேன். பெங்களூருக் கடைக்காரர் ஒருவருக்குச் சில மாடல் அனுப்பியிருந்தோம். “இன்னும் இரண்டு சாம்பிள் அனுப்பட்டுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ‘ஐ ஆம் ஃபைன், தேங்க்ஸ்’ என்று பதில் வந்தது. ஃபைன் என்கிறார், தேங்க்ஸ் வேறு சொல்கிறார், சம்மதம்தான் என்று அன்று மாலையே பார்சல் போட்டேன். மூன்றாம் நாள் பிரிக்காமலே திரும்பி வந்தது. போக வரக் கூரியர் காசு என் தலையில். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, பார்சலை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அதுவே போதுமானதாக இருந்தது.

‘வேணுமா’, ‘அனுப்பட்டுமா’, ‘இன்னும் கொஞ்சம் போடட்டுமா’ என்ற கேள்விக்கு ‘ஐ ஆம் ஃபைன்’ என்று பதில் வந்தால் பெரும்பாலும் ‘வேண்டாம்’ என்று பொருள். ‘தட்ஸ் ஃபைன்’ என்று வந்தால் ‘சரி’. முதலில் இருப்பது ‘நானா’, ‘அதுவா’ என்று பாருங்கள். வெறும் ‘ஃபைன்’ மட்டும் வந்தால் சம்மதமாகவும் இருக்கலாம், கோபமாகவும் இருக்கலாம். போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

யோசித்தால் நமக்கு இது புதிதே இல்லை. விருந்தாளியிடம் “காபி சாப்பிடறீங்களா?” என்று கேட்டால் “இருக்கட்டுங்க” என்கிறார். எது இருக்கட்டும்? ஆனாலும் நமக்குப் புரிகிறது. ஆங்கிலத்தில் வந்தால்தான் நாம் எழுத்துக் கூட்டிப் பொருள் பார்க்கிறோம்.

படி 4: இப்போது ஒத்த சொல்

ஒவ்வொரு வாக்கியத்திலும் ஃபைனை எடுத்துவிட்டு வேறு சொல்லைப் பொருத்திப் பாருங்கள். உடம்புக்கு ‘வெல்’, ‘ஆல்ரைட்’. வானிலைக்கு ‘கிளியர்’, ‘சன்னி’. வெள்ளிக்கு ‘ப்யூர்’. வேலைப்பாட்டுக்கு ‘எக்ஸலன்ட்’, ‘டெலிகேட்’. நூலுக்கு ‘தின்’. நூல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தறிக்காரர்கள் கவுன்ட் ஏற ஏற நூல் சன்னம் என்பார்கள். ஒரு பவுண்டு பஞ்சுநூலில் 840 கஜ நீளச் சிட்டங்கள் (நூல் கட்டுகள்) எத்தனை வருகின்றன என்பதுதான் கவுன்ட். அதனால் 80-ஆம் நம்பர் நூல் 40-ஆம் நம்பரைவிட ஃபைன்.

அபராதத்துக்கு ‘பெனால்ட்டி’ போடலாம், பாதிதான் பொருந்தும். ஃபைன் என்றால் பணம் மட்டும். பெனால்ட்டி தண்டனை எதுவாகவும் இருக்கலாம், கால்பந்தில்கூட உண்டு.

இத்தனையும் எப்படி ஒரே சொல்லானது என்றால், எல்லாம் ‘முடிவு’ என்று பொருள்படும் ‘ஃபீனிஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. முடிவு வரை கொண்டுபோய்ச் செம்மையாக்கியது ஒரு ஃபைன். வழக்கை முடித்துக்கொள்ளக் கட்டும் பணம் இன்னொன்று. ‘ஃபினிஷ்’, ‘ஃபைனல்’ இரண்டும் அதே வேர்தான். ‘ஃபைனான்ஸ்’கூடக் கடனை முடிப்பதிலிருந்து வந்ததாம். இதைச் சொன்னதும் அக்கா மகள் சிரித்தாள், வீட்டில் எந்தக் கடன் முடிந்திருக்கிறது என்று.

கருவிகள்: ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே வரும் ஆங்கில–ஆங்கில அகராதி ஒன்று போதும், எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்க வேண்டும். தமிழ் அர்த்தம் மட்டும் கொட்டும் செயலிகளை நான் பயன்படுத்துவதில்லை. நோட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பல பொருள் தரும் ஒரு சொல்லுக்கும், ஒரு பொருள் தரும் பல சொற்களுக்கும் நம் நிகண்டுகளில் (அந்தக் காலத்துச் செய்யுள் அகராதிகள்) தனித்தனித் தொகுதியே உண்டு. இரண்டையும் ஒரே பட்டியலில் கலக்கக் கூடாது என்பது அவற்றை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஏற்காட்டு அக்கா ஒருவர் கேட்டிருந்தார். காபித்தூள் பாக்கெட்டில் ‘நைஸ் பவுடர்’ என்று அச்சடித்திருக்கிறாராம், சுற்றுலா வந்த வெளிநாட்டுக்காரர் பார்த்துச் சிரித்தாராம். நான் கவனிக்காமல் விட்ட இடம் இது. ‘மாவை நைஸா அரை’ என்று நாம் சொல்லும் நைஸ், ஆங்கிலத்தில் ஃபைன். ஆங்கில நைஸுக்கு ‘நல்ல, இனிய’ என்றுதான் பொருள். ஸ்டிக்கரை மாற்றச் சொன்னேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன்: ஃபில்டர் காபிக்கு ரொம்ப ஃபைனாக அரைக்காதீர்கள், துளை அடைத்து டிகாஷன் இறங்காது. “அது எனக்குத் தெரியும் தம்பி, இங்கிலீஷை மட்டும் சொல்லுங்க” என்று பதில் வந்தது.