வயிற்றுக்குள் கீமோ: கூடப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள்

சினைப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, மிச்சக் கட்டி ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால், நரம்பில் ஏற்றுவதோடு நேராக வயிற்றுக்குள்ளும் கீமோ விடலாம் என்று சில டாக்டர்கள் சொல்வார்கள். அதற்காக விலா எலும்பின் கீழ் ஓரத்தில், தோலுக்கு அடியில் ஒரு சின்ன போர்ட் (ஊசி குத்தி மருந்து விடுகிற குட்டி டப்பி) வைத்து, அதிலிருந்து வயிற்றுக்குள் குழாய் போகும். எலும்பு மேல் வைப்பது, ஊசி குத்தும்போது அழுத்திப் பிடிக்க அடியில் கெட்டியாக இருக்கட்டும் என்றுதான்.

இனி உங்கள் வேலை. ஃபைலின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: 'இது வயிற்று போர்ட், ரத்தக் குழாய் போர்ட் இல்லை.' நெஞ்சில் வைக்கிற போர்ட்டும் இதுவும் தொட்டுப் பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும். ராத்திரி காய்ச்சல் என்று அம்பையிலோ தென்காசியிலோ ஏதாவது ஆஸ்பத்திரிக்கு ஓடினால், பழக்கமில்லாதவர்கள் அதில் ரத்தம் எடுக்கவோ குளுக்கோஸ் ஏற்றவோ பார்ப்பார்கள். விடாதீர்கள்.

கீமோ அன்று முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டிதான் சரி. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டினால், திரவம் ஏறி வயிறு உப்பும்போது மூச்சு முட்டும், தளர்த்தியே கட்டச் சொல்லுங்கள். காலையில் ரெண்டு இட்லி போதும், சொதிச் சாப்பாடு எல்லாம் இன்னொரு நாளைக்கு. ஆரம்பிக்கும் முன்னால் ஒருதடவை பாத்ரூம் போய் வந்துவிட வேண்டும்.

மருந்தைப் பெரும்பாலும் ஒரு லிட்டர் சலைனில் கலந்து, உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள், தாங்கினால் இன்னொரு லிட்டரும் போகும். ஊசி இருக்கும் இடத்தில் எரிச்சல், வீக்கம், ஈரம் எது தெரிந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், மருந்து வெளியே கசிந்திருக்கலாம். நம்ம ஊர் ஆச்சிமார் 'ஒண்ணுமில்ல, தாங்கிக்கிடுதேன்' என்பார்கள், அதை நம்பாமல் முகத்தைப் பாருங்கள். ஏறி முடிந்ததும் மருந்து எல்லா மூலைக்கும் பரவ, ரெண்டு மணி நேரம் போல, கால் மணிக்கு ஒருதடவை இடது, வலது என்று புரண்டு படுக்க வேண்டும். செல்லில் அலாரம் வையுங்கள், நர்ஸுக்கு ஆயிரம் வேலை. அந்தத் திரவத்தைத் திரும்ப வடிக்க மாட்டார்கள், உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். நீர் கோத்த வயிற்றில் நீர் எடுப்பார்களே, அது வேறு.

வீட்டுக்கு வந்த பிறகு ரெண்டு நாள் கக்கூஸில் ரெண்டு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும், வாந்தியைக் கையுறை போட்டுத்தான் துடைக்க வேண்டும். வயிற்றுக்குள் பெரும்பாலும் விடுகிற சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கிற மருந்து, அதனால் டாக்டர் சொன்ன அளவு தண்ணீர் குடிக்க வைப்பதும், மெடிக்கலில் தானாக வலி மாத்திரை வாங்கித் தராமல் இருப்பதும் முக்கியம். அல்வா பொட்டலத்தோடு பார்க்க வருகிற சொந்தக்காரர்களில் சளி இருப்பவர்களை மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள், கோபித்தால் கோபிக்கட்டும்.

இன்னொன்று. 2006-இல் வந்த அமெரிக்க ஆய்வில் வயிற்றுக் கீமோவும் எடுத்தவர்கள், நரம்பில் மட்டும் எடுத்தவர்களைவிட, பொதுவாகப் பார்த்தால் ஒரு வருஷத்துக்கும் மேலாகக் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று வந்தது, ஆனால் ஆறு சுற்றையும் அதே முறையில் முடித்தவர்கள் 42 சதவீதம்தான். பிறகு பெவாசிசுமாப் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்தையும் சேர்த்து நடந்த பெரிய ஆய்வில் அந்தக் கூடுதல் பலன் தெரியவில்லை. அதனால் 'எங்க அம்மாவுக்கு இது ஏன்?' என்று தயங்காமல் கேளுங்கள். நடுவில் நரம்புக்கே மாற்றினாலும் வைத்தியம் தோற்றது என்று அர்த்தமில்லை.

காய்ச்சல் 100.4-ஐத் தொட்டாலோ, வயிறு கல்லாக இறுகி வலித்தாலோ, போர்ட் மேல் சிவந்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். எந்த நம்பருக்குக் கூப்பிட, எங்கே போக என்பதை டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு ஃபைலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.