டோப்போசாலிட் நடுங்கியது: மூன்று நாள் தேடலில் கிடைத்த விடை

கட்டட மாதிரி வரையும் மென்பொருளான ரெவிட்டின் 2024 பதிப்பில், நிலத்தை வரையும் பழைய டோப்போசர்ஃபேஸ் கருவி போய் டோப்போசாலிட் வந்துவிட்டது. தளம் மாதிரியே தடிமன், அடுக்குகள் எல்லாம் கொடுக்கலாம். அஸ்திவாரக் குழியை நேராக வெட்டலாம். நல்ல வசதி என்று கேளம்பாக்கம் பக்கம் ஒரு மனைக்கு சர்வே கோப்பை ஏற்றி, சமமட்டக் கோடுகளிலிருந்து உருவாக்கினேன்.

விளிம்புகள் பல் பல்லாக வந்தன. சுழற்றினால் கோடுகள் நடுங்கின. எல்லாவற்றையும் திரைக்குள் அடக்கிக் காட்டும் 'இசட் எஃப்' குறுக்குவிசையைத் தட்டினால் திரை வெறுமை.

கிராபிக்ஸ் கார்டு டிரைவரைப் புதுப்பித்தேன். ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனை அணைத்துப் பார்த்தேன். கோப்பை ஆடிட் (பிழை சரிபார்ப்பு) போட்டுத் திறந்தேன். எதுவும் மாறவில்லை. இதிலேயே மூன்று நாள்.

கடைசியில் ஆட்டோகேடில் சர்வே கோப்பைத் திறந்து முழு எல்லைக்கு ஜூம் செய்தேன். மனை ஒரு மூலையில் புள்ளி. எதிர் மூலையில், சரியாக 0,0-வில், காலி எழுத்து ஒன்று. மனை யூடிஎம் (உலக வரைபடக் கட்ட முறை) ஆயத்தொலைவில் இருந்தது, வடக்குத் தொலைவு மட்டும் 14 லட்சம் மீட்டருக்கு மேல். ஆக கோப்பின் நீளம் 1,400 கி.மீ.! ரெவிட் தாங்குவது சுமார் 32 கி.மீ. முதல் நாளே எச்சரிக்கை வந்தது, நான்தான் படிக்காமல் மூடியிருக்கிறேன்.

அந்த எழுத்தை அழித்தேன். பெஞ்ச்மார்க் கல்லின் (சர்வே குறிப்புக் கல்) ஆயத்தொலைவு எண்களைக் குறித்துக்கொண்டு, அந்தக் கல் 0,0-வுக்கு வரும்படி மொத்தத்தையும் நகர்த்தினேன். மறுபடி இணைத்து டோப்போசாலிட் போட்டேன், விளிம்பு கத்தி மாதிரி வந்தது. பிறகு, ஒரு புள்ளிக்கு உண்மையான ஆயத்தொலைவைக் கொடுக்கும் ரெவிட்டின் 'ஸ்பெசிஃபை கோஆர்டினேட்ஸ் அட் பாயின்ட்' வழியாகக் கல்லுக்கு அசல் எண்களைக் கொடுத்தேன். அப்பாடா!