நெட் வரலைங்களா? கீழிருந்து மேலே பாருங்க

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் வேலை. "நெட் வரலைங்க" என்று போன் வந்தால் முதலில் நான் கேட்பது, கணினிகளின் கேபிள்களை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியில், அந்தக் கணினியின் கேபிள் செருகிய போர்ட்டின் விளக்கு எரிகிறதா என்பதைத்தான். போன வாரம் ஒரு கட்டிங் யூனிட்டில் எரியவில்லை. கேபிளைக் கழற்றினால் போர்ட்டுக்குள் பஞ்சு அடைந்து கிடந்தது. சுத்தம் செய்து செருகியதும் பச்சை விளக்கு மினுங்கியது.

நெட்வொர்க்கை அடுக்கடுக்காகப் பிரித்து, கீழிருந்து பார்ப்பதுதான் வழி. விளக்கு எரிந்தால் அடுத்த அடுக்கு. நெட்வொர்க்கில் கணினியின் எண் முகவரியான ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் கணினிக்கு ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை. அது சரியாக இருந்தால் ரவுட்டரை பிங் செய்யுங்கள், அதாவது பதில் தருகிறதா என்று சோதியுங்கள். அப்புறம் வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8 முகவரியை. பதில் வந்தும் தளங்கள் திறக்கவில்லையா? பெரும்பாலும், தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸின் கோளாறுதான்.

நெட்வொர்க்கை இப்படி அடுக்குகளாகப் பிரித்துக் காட்டுவது, சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ 1984இல் வெளியிட்ட ஓஎஸ்ஐ மாதிரி. அதற்கு 7 அடுக்குகள். அதற்கு முன்பே, 1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட், கணினிகள் தகவல் அனுப்பும் டிசிபி/ஐபி என்ற விதிமுறைக்கு மாறிவிட்டது. இன்று இணையம் ஓடுவதும் அந்த 4 அடுக்கு முறையில்தான். ஆனாலும் கேபிளையும் ஸ்விட்சையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க ஓஎஸ்ஐதான் எனக்குக் கைகொடுக்கிறது.

இன்னொன்று. மெயில் ஒழுங்காகப் போகும், சரக்கு வாங்கும் பையருடன் பேசும் வீடியோ கால் மட்டும் விட்டு விட்டு வரும். மெயில் டிசிபியில் போவதால், வழியில் தொலைந்த பாக்கெட் (தகவலின் துண்டு) திரும்ப அனுப்பப்படும். வீடியோ கால் பெரும்பாலும் யுடிபி என்ற வேறொரு முறையில் போகும். அது தொலைந்ததற்காகக் காத்திருக்காது. அப்போது வைஃபையை விட்டுவிட்டு கேபிளில் பேசிப் பாருங்கள்.