வலையமைப்பு நிலையங்களுக்கு நிகழ்ச்சி அனுப்பும் முறை

சமுதாய வானொலிகளும் கல்லூரி வானொலிகளும் இணைந்த வட்டார வலையமைப்புக்கு நிகழ்ச்சி அனுப்புபவர், ஒரு மணி நேர ஒதுக்கீட்டுக்கு 59 நிமிடங்களிலேயே முடித்துக்கொண்டால், ஒவ்வொரு நிலையமும் தன் பெயரையும் அலைவரிசையையும் அறிவிக்க இடம் கிடைக்கும். "இன்று காலை", "நம் வளாகத்தில்" போன்ற சொற்கள் வேறொரு நாளில், வேறோர் ஊரில் ஒலிக்கும்போது பொருந்தாமல் போகும் என்பதால் அவற்றைப் பதிவின்போதே தவிர்ப்பது நல்லது. பின்னர் வெட்டினால் மூச்சொலி பாதியில் அறுபட்டுக் காதில் உறுத்தும்.

ஒலியளவுக்கு ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆர் 128 பரிந்துரை -23 எல்யுஎஃப்எஸ் (காதுக்கு உணரப்படும் ஒலியளவை அளக்கும் அலகு) என்கிறது. எந்த அளவை ஏற்றாலும் எல்லா நிலையங்களும் அதையே பின்பற்ற வேண்டும். எம்பி3 கோப்பை மறுபடியும் சுருக்கினால் தரம் குறையுமாதலால், மூலப் பதிவைச் சுருக்கப்படாத வேவ் வடிவிலேயே அனுப்புக. தேர்வுக் காலத்தில் கல்லூரி நிலையங்களில் ஆள் குறைவது இயல்பு (இதை ஏனோ பலர் திட்டமிடுவதில்லை). அந்த வாரங்களுக்கான நிகழ்ச்சிகளைச் சமுதாய நிலையங்கள் முன்கூட்டியே தயாரித்துத் தரலாம்.